அலை ஓய்ந்ததைக் குணம் என்று எழுதியவர்களே

என் குடலில் இரண்டடிக்கும் மேற்பட்ட பகுதி இன்று என் வயிற்றுக்குள் இல்லை. கருகிவிட்டது என்று வெட்டி எடுத்தார்கள். அது ஒரு நொடியில் கருகவில்லை. ஒரு சாயங்காலம் தொடங்கி மறுநாள் வரை முண்டி, முறுக்கி, சத்தம் போட்டு, வீங்கி, சோர்ந்து, பேச்சற்றுப் போய், அதற்குப் பிறகுதான் கருகியது. ஒவ்வொரு கட்டத்திலும் தன் நிலையை அடையாளம் காட்டிக்கொண்டே இருந்தது. நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். காது கொடுக்க வேண்டியவர்கள் 'கேஸ் டிரபிள்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். உயிர் பிழைத்துவிட்டாய், இன்னும் எதற்கு அதையே பேசுகிறாய் என்கிறார்கள் வீட்டில். பேசாமல் எப்படி இருப்பேன்? என்னிடமிருந்து போனது ஏன் போனது என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

என்னை அறுத்துக் காப்பாற்றிய மருத்துவரிடம் படுக்கையில் கிடந்தபடியே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மருமகள் நர்ஸிங் படித்தவள். அவளுடைய புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு அவளை உட்காரவைத்து விளக்கச் சொன்னேன். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள ஆத்திரம்தான் ஏறியது.

குடல், போட்டதை வாங்கிக்கொண்டு கிடக்கிற வெறும் குழாய் இல்லையாம். அதன் சுவரிலேயே தானாகத் துடிப்பெழுப்பும் செல்கள் இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹாலின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். அந்தத் துடிப்பு இரைப்பையில் நிமிடத்துக்கு 3. சிறுகுடலின் தொடக்கத்தில் 12. கீழே இறங்க இறங்கக் குறைந்து கடைசியில் 8. 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் இந்தக் குடலுக்கு ஒரு விதி இருப்பதைக் கண்டு எழுதினார்கள். உள்ளே ஓரிடத்தில் உணவு வந்து நின்றால் அதற்கு மேலே உள்ள பகுதி சுருங்கும், கீழே உள்ள பகுதி தளர்ந்து வழிவிடும். மேலே தள்ள, கீழே வாங்க, உணவு நகர்ந்துகொண்டே போகும். இதற்கு மூளையின் உத்தரவுகூட வேண்டாம்; குடல் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. விரதம் இருக்கிற நாளிலும் அது ஓய்வதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் அலை மேலிருந்து புறப்பட்டு, சிறுகுடலின் கடைசி வரை மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. நாம் குடிக்கிற தண்ணீர், எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் அந்த வழியில் இறங்குகிறது. அத்தனையையும் உறிஞ்சி உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மலத்தோடு வெளியே விடுவது 200 மில்லிக்கும் குறைவு.

கல்யாணம், பிரசவம், பஞ்சம், பண்டிகை எதற்கும் லீவு போடாமல் எனக்காக உழைத்தது அது. அதன் வழியை ஒருநாள் ஒரு நார் மறித்தது.

அந்த நார் எங்கிருந்து வந்தது? பல வருடங்களுக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றைத் திறந்து மூடினால், உள்ளே காயம் ஆறும்போது குடலும் வயிற்றுச் சுவரும் பக்கத்து உறுப்புகளும் ஒன்றோடொன்று நார் நாராக ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் ஆபரேஷன் ஆன பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் ஒட்டுதல் இருக்கும். பலருக்கு அது சாகும்வரை தொந்தரவு தராது. சிலருக்கு அதில் ஒரு நார் கெட்டிப்பட்டுக் குறுக்கே நின்று குடலை நெரிக்கும். ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்திலும் நெரிக்கலாம், இருபது வருடம் கழித்தும் நெரிக்கலாம். பல நாடுகளில் சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணம் இதுதான். நம் நாட்டில் குடலிறக்கமும் குடல் காசநோயும் இதனோடு போட்டி போடும்.

இதில் ஒரு வரியை எனக்கு யாராவது சொன்னார்களா? தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியபோது, குடம் தூக்காதீங்க, மாடிப்படி ஏறாதீங்க, இந்த மாத்திரையை அஞ்சு நாள் போடுங்க என்றார்கள். "பின்னால் எப்போதாவது விட்டு விட்டு வயிறு வலித்து, வாந்தி வந்து, வயிறு உப்பினால், வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதே, ஓடி வா, பழைய ஆபரேஷனைச் சொல்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத எத்தனை மை செலவாகியிருக்கும்?

இது எங்கோ ஒருத்திக்கு வருகிற அபூர்வம் என்று சொல்லாதீர்கள். 1999-இல் லான்செட் இதழில் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. வயிற்றையோ இடுப்புக்குழியையோ திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட கிட்டத்தட்ட 30,000 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒட்டுதலால் வந்த நோய், ஒட்டுதலால் வந்திருக்கக்கூடிய நோய், ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய அடுத்த ஆபரேஷன் என்று இவற்றுக்காக மூன்றில் ஒருவர், சராசரியாக இரண்டு முறை, திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். அந்தச் சேர்க்கைகளில், நேரடியாக ஒட்டுதல்தான் காரணம் என்று உறுதியானவை 100-க்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் 45 சிசேரியன்; தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை, குடல்வால் என்று இன்னும் எத்தனை வயிறுகள் திறந்து மூடப்படுகின்றன! தெருவுக்குத் தெரு வீட்டுக்கு வீடு தையல் போட்ட வயிற்றோடு பெண்கள் நடமாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி சொல்லப்பட்டிருக்கிறது?

கர்ப்பப்பை எடுக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில்தான் 2008-இல் உச்ச நீதிமன்றம் சம்மதம் என்றால் என்ன என்று விளக்கியது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அரிதான, தொலைவான ஆபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. எது தொலைவு? யாருக்குத் தொலைவு? கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு அது தொலைவு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாழப்போகிறவளுக்கு அது தொலைவே இல்லை.

அந்த நார் நெரித்த அன்று, முதலில் போன ஆஸ்பத்திரியில், வலி வந்த விதத்தை நான் மறைக்கவில்லை, குழப்பவும் இல்லை. "சார், பிரசவ வலி மாதிரி விட்டு விட்டு வருது. நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தொப்புளைச் சுத்திக் கிளம்புது, உச்சிக்குப் போகுது, அப்படியே அடங்கிடுது. அடங்கினா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு" என்றேன். டியூட்டி டாக்டர் சிரித்தார். "ரெண்டு பிரசவம் பாத்தவங்க, வாயுவுக்குப் போயி இப்படிப் பயப்படுறீங்களேம்மா." என் அண்ணி பக்கத்திலிருந்து, "வயித்துக்குள்ள கடகடன்னு ஓடுற சத்தம் எனக்கே கேக்குது சார்" என்றாள். "அதாங்க கேஸ்" என்றார்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் படித்த பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வழி அடைபட்டதும் குடல் பயந்து ஒடுங்குவதில்லை. அடைப்புக்கு மேலே இருக்கும் பகுதி, வழக்கத்தைவிடப் பலமாக, அடுத்தடுத்துச் சுருங்கி, மறித்து நிற்பதைத் தள்ளப் பார்க்கிறது. தள்ளும்போது வலி உச்சிக்குப் போகும். தள்ளிச் சலித்து நிற்கும்போது வலி அடங்கும். பிறகு மறுபடி தள்ளும். சிறுகுடலில் அடைப்பு என்றால் அந்த வலி சில நிமிட இடைவெளியில் அலை அலையாக வரும். உள்ளே தேங்கிய காற்றும் நீரும் அந்தச் சுருக்கத்தில் முன்னும் பின்னும் அலைமோத, கணீர் கணீரென்று உயர்ந்த தொனியில் ஒலி கேட்கும். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, வலி எழும் நேரத்தில் கேட்டால், வலியும் ஒலியும் ஒன்றாக ஏறி இறங்குவது தெரிந்துவிடும். அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது எதற்கு? என் நெஞ்சில் ஒரு தடவை வைத்தார். வயிற்றில் வைக்கவில்லை. சேலையைச் சற்று விலக்கித் தொப்புளுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைப் பார்க்கவும் இல்லை. நானாகச் சொன்னபோதும், "அது எப்பவோ நடந்தது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், "குடல் அடைப்பா இருக்குமோ சார்?" என்று. படிக்காத மனிதருக்குத் தோன்றியது. "இப்பதான் மோஷன் போனாங்களே, அடைப்புன்னா எப்படிப் போகும்?" என்று அவர் வாயை அடைத்தார்கள். ஆமாம், போனேன். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே கிடந்ததைக் குடல் காலி செய்துகொண்டிருந்தது. ஆரம்ப மணிநேரங்களில் அடைப்புக்குக் கீழேயும் அசைவு கூடும்; ஒன்றிரண்டு முறை இளகிப் போகவும் செய்யும். கீழ்க்குடல் முழுக்கக் காலியான பிறகுதான் மலமும் காற்றும் நிற்கும். ஒரு தடவை வெளிக்குப் போனதை வைத்து அடைப்பே இல்லை என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து அவர்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. வாந்தி நிற்பதற்கு என்று ஓர் ஊசி போட்டார்கள். மெட்டோகுளோபிரமைடு. இரைப்பையையும் சிறுகுடலையும் இன்னும் வேகமாக அசைய வைக்கிற மருந்து அது. வழி மறிக்கப்பட்ட குடலுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அந்த மருந்தின் கூடவே வருகிற தாளிலேயே அச்சடித்திருக்கிறது. மறித்து நிற்பதைத் தள்ளித் தள்ளி ஏற்கெனவே சலித்துக்கொண்டிருந்த குடலை, இன்னும் தள்ளு என்று சாட்டையால் அடித்தார்கள். ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த குழந்தை பயந்து அழுதது. "சும்மா கத்தாதீங்க, மத்த பேஷண்டெல்லாம் தூங்க வேண்டாமா?" என்றார் சிஸ்டர். நான் சும்மாவா கத்தினேன்?

முதலில் சாப்பிட்டது வந்தது. பிறகு பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம். விடியற்காலையில் வந்ததில் மலநாற்றம். தேங்கிக் கிடந்ததில் கிருமிகள் பெருகியதால் வந்த நாற்றம் அது. அதற்குள் குடல் இன்னொரு வழியிலும் என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தேங்கிய இடத்தில் அது நீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டு, ரத்தத்திலிருந்து நீரை உள்ளே கொட்டத் தொடங்கும். வெளியே தெரியாமலே உடம்பு வற்றிப் போகும். நாக்கு ஒட்டியது, கண் உள்ளே போனது, சிறுநீர் கொஞ்சம்கூடப் பிரியவில்லை. அண்ணி போய் மூன்று பேரிடம் சொன்னாள். "டிரிப்ஸ் போயிட்டிருக்கில்ல" என்று பதில். அந்த பாட்டில் எப்போதோ தீர்ந்து, டியூபில் ரத்தம் ஏறி நின்றது.

அதற்கப்புறம் வலி மாறியது. அலை நின்றுபோனது. ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், ஒரே கனமாக, விடாமல், வயிறு முழுக்க. கத்துகிற தெம்பு எனக்கு இல்லை. வயிறு கடகடப்பதும் நின்றது. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று ரவுண்ட்ஸில் கேட்டார்கள். "அந்த மாதிரி விட்டு விட்டு வரல சார், ஆனா..." என்று நான் தொடங்கினேன். அந்த 'ஆனா'வுக்கு மேல் கேட்க நிற்கவில்லை. நோயாளி தேறிவருவதாக எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

தேறுதலா அது? ஓயாமல் தள்ளிய தசை காற்றாலும் நீராலும் வீங்கி விரிந்து, இனிச் சுருங்க முடியாமல் செயலற்றுப் போவதுதான் அந்த அமைதி. அதற்கும் மேலே, நெரிபட்ட இடத்தில் முதலில் ரத்தம் திரும்பிப் போகிற குழாய்கள் அடைபடும். குடல் சுவர் ஊதும். ஊத ஊத, ரத்தம் உள்ளே வருகிற குழாயும் அடைபடும். அதோடு சரி, சில மணி நேரத்தில் அந்தப் பகுதி செத்துவிடும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால் உடனே அறுவை அறைக்கு ஓட வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடம். சத்தமாகக் கத்தினால் நாடகம், கத்த முடியாமல் கிடந்தால் குணம். ஒரு பெண் எப்படி வலித்தால் நம்புவீர்கள்?

என் தம்பி வந்து பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸ் வைத்து மாவட்டத் தலைநகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். அங்கே தரையில்கூட நோயாளிகள் படுத்திருந்தார்கள். அந்த நெரிசலிலும் ஒரு பெண் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்காம்மா?" என்பதுதான். தழும்பைப் பார்த்தார். நான்கு பக்கமும் கைவைத்து அமுக்கினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், விரிந்த குடல் வளையங்களுக்குள் நீரும் அதன் மேல் காற்றுமாகப் படிப்படியாகக் கோடுகள். மூக்கு வழியே டியூப் விட்டுத் தேங்கியதை உறிஞ்சி எடுத்தார்கள், இரண்டு கையிலும் நீர் ஏற்றினார்கள், அன்றிரவே அறுத்தார்கள். கேள்வி, கை, காது, ஒரு எக்ஸ்ரே. இவற்றுக்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. காசு வாங்கிய முதல் ஆஸ்பத்திரியிலும் இருந்ததுதான் எல்லாமே.

அந்த மருத்துவர் பிறகு சொன்ன ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒட்டுதலால் வரும் அடைப்பில் பலருக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காதாம். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், மூக்கு டியூபால் உறிஞ்சி, நீரும் உப்பும் ஈடுசெய்து, கண்ணை எடுக்காமல் கவனித்தால், வீக்கம் வடிந்து குடல் தானாகவே வழி கண்டுகொள்ளும். மூன்று நாள் வரைகூடப் பார்க்கலாம், நெரிப்பின் அறிகுறி எதுவும் இல்லாதவரை. என் குடலுக்கும் அந்த வாய்ப்பை யாராவது கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கொடுத்தும் நெரித்திருந்தால், கருகும் முன்னால் அந்த ஒரு நாரை வெட்டிவிட்டிருந்தாலே போதும். குடல் குடலாகவே எனக்கு இருந்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு குடல் கொஞ்ச காலம் மரத்துக் கிடக்கும். அது அடைப்பில்லை, அசைவு திரும்பாத நிலை. சிறுகுடல் முதலில் விழிக்கும், பிறகு இரைப்பை, பெருங்குடல் கடைசியில், இரண்டு மூன்று நாள் கழித்து. வார்டில் எல்லாரும் தினமும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" பெருக்க வருகிற அம்மாள்கூடக் கேட்டாள். பிரிந்த அன்று அண்ணி அழுதுவிட்டாள். குடல் மீண்டும் அசைந்ததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டார்கள். அது அசைந்து அசைந்து செத்தபோது, வாங்கிய காசுக்காவது அதன்மேல் அக்கறைப்பட அந்த முதல் ஆஸ்பத்திரியில் ஒருவரும் இல்லை.

போனது சிறுகுடலின் கடைசிப் பகுதி. வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவதும் பித்த உப்பைத் திருப்பி எடுப்பதும் அந்த இடம்தான். இனி ஆயுசுக்கும் ஊசி. திருப்பி எடுக்கப்படாத பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய்ச் சேர, சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏறப் பயம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரப் பயம். பேத்தியின் பள்ளிக்கூட விழாவுக்கு நான் போகவில்லை. இன்னொரு தடவை வயிற்றைத் திறந்திருப்பதால், இன்னும் புது நார்கள் உள்ளே முளைக்கும் என்பதையும் இந்தத் தடவை எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

முதல் ஆஸ்பத்திரியில் என் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு நடந்தோம். இழுத்தடித்துக் கடைசியில் கொடுத்தார்கள். மருமகள் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். சாயங்காலம், நள்ளிரவு, விடியற்காலை, காலை ரவுண்ட்ஸ், ஒவ்வொரு வேளையிலும் ஒரே எழுத்து: வயிறு மிருதுவாக இருக்கிறது, குடல் ஒலி கேட்கிறது. நான் அந்த இரவு முழுக்க விழித்திருந்தேன். என் வயிற்றில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் படவில்லை. காலையில் அங்கே ஒலியும் இல்லை. கேட்காத ஒலியைக் கேட்டதாக எழுதிய கை யாருடையது? நான்கு வேளைக்கும் நான்கு கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது. நால்வரும் என் எதிரில் வந்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்துக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.